மனநல மருத்துவரா, உளவியலாளரா, அரசு மருத்துவமனையா: யாரிடம் போவது?

தூக்கம் கெட்டு மூன்று வாரம் ஆகிறது. வேலையில் கை ஓடவில்லை, சின்ன விஷயத்துக்கும் அழுகை முட்டுகிறது. யாரிடமாவது காட்டலாம் என்று ஒருவழியாக முடிவும் எடுத்தாயிற்று. பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். மாத்திரை தருகிறவரிடம் போவதா, பேசுகிறவரிடம் போவதா? பெரியாஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்களா? போனிலேயே முடித்துவிடலாமா?

"இந்த ஊரில் பெஸ்ட் டாக்டர் யார்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. மனநலச் சிகிச்சை பல நேரங்களில் தோற்பது டாக்டர் மோசமானவர் என்பதால் அல்ல, இரண்டாவது மூன்றாவது முறைக்குப் பிறகு போவதை நிறுத்திவிடுவதால். ஆகவே இந்த ஒப்பீடு முழுவதிலும் அதிக எடை ஒரே கேள்விக்குத்தான்: அடுத்த ஆறு மாதம் உங்களால் தொடர்ந்து போக முடிகிற இடம் எது?

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

அவசரம். சாக வேண்டும் என்ற எண்ணம் திட்டமாக மாறியிருந்தால், காதில் குரல் கேட்டால், நாலைந்து நாள் தூங்காமலேயே அளவு மீறிய உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைத்தால், சாப்பாடு தண்ணீர் அடியோடு நின்றிருந்தால் ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றைக்கே போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108. கூட இருப்பவர்கள் வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அவரைத் தனியே விடாமல் இருக்க வேண்டும்.

மருந்து தேவைப்படுமா. மனச்சிதைவுக்கும் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது) பைபோலாருக்கும் (அளவு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருவது) மருந்துதான் அடித்தளம். பேச்சுச் சிகிச்சை அதற்குத் துணை. லேசான மனச்சோர்வு, பதற்றம், திடீரென நெஞ்சு படபடக்கும் பானிக், துக்கம், குடும்பச் சிக்கல் ஆகியவற்றில் பேச்சுச் சிகிச்சையை மட்டும் வைத்துத் தொடங்கலாம். நடுத்தர, கடுமையான மனச்சோர்வுக்கும், வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி.க்கும் இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும்.

தொடர முடியுமா. பணம், விடுப்பு, பஸ் நேரம், குழந்தையை யாரிடம் விடுவது என்று எல்லாமே இதில் அடங்கும்.

மொழி. "மனசு பாரமா இருக்கு", "நெஞ்சை அடைக்குது", "உடம்பெல்லாம் எரியுது" என்று சொன்னால் அந்தச் சொற்களோடே மேற்கொண்டு பேசத் தெரிந்தவர் வேண்டும். ஆங்கிலத்தில் படித்துப் பயிற்சி பெற்ற சில உளவியலாளர்கள் தமிழில் உரையாடுவார்கள், ஆனால் எழுதிவரச் சொல்லும் தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

தகுதியைச் சரிபார்க்க வழி உண்டா. கீழே விரிவாக வருகிறது, ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

## ஒரே பார்வையில்

| வழி | மருந்து எழுதலாமா | ஒருமுறை கிடைக்கும் நேரம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| தனியார் மனநல மருத்துவர் | ஆம் | முதல்முறை சற்றுக் கூடுதல், பிறகு 10 நிமிடம் அளவில் | மாத்திரை, பரிசோதனை, காத்திருப்பு | தூக்கம், பசி, வேலை எல்லாம் குலைந்தவர்கள் |
| கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (பேச்சுச் சிகிச்சை தரும் உளவியலாளர்) | இல்லை | 45 முதல் 60 நிமிடம் | 12 முதல் 20 அமர்வுகள் | பதற்றம், ஓ.சி.டி., பழைய காயங்கள் |
| ஆலோசகர் | இல்லை | 45 நிமிடம் அளவில் | தகுதி தெரியாமல் கழியும் மாதங்கள் | வாழ்க்கைச் சிக்கல், முடிவெடுக்கத் துணை |
| அரசு மருத்துவமனை | ஆம் | சில நிமிடங்கள் | ஒரு நாள் கூலி | நீண்டகால மருந்து, சான்றிதழ் தேவைப்படுவோர் |
| 14416 (அரசின் இலவச மனநல உதவி எண்) | பொதுவாக ஆலோசனையும் வழிகாட்டலும் | பேசும் வரை | இல்லை | முதல் அடி வைக்கத் தயங்குவோர் |

## பெயர்ப்பலகையை எப்படிப் படிப்பது

நம் ஊரில் "நரம்பு டாக்டரிடம் காட்டுகிறோம்" என்று சொல்வது வழக்கம். கூச்சத்துக்கு ஒரு போர்வையாக அது உதவுகிறது, ஆனால் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. வலிப்பு, பக்கவாதம், கைநடுக்கம் இவற்றுக்கு நரம்பியல் நிபுணர். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மனச்சிதைவுக்கும் மனநல மருத்துவர். தவறான கதவைத் தட்டினால் ஸ்கேனுக்குப் பணம் போகும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மனநலத்தில் மூன்று ஆண்டு எம்.டி. அல்லது டி.என்.பி., இல்லையென்றால் இரண்டு ஆண்டு டி.பி.எம். படித்திருப்பார். பெயருக்குக் கீழே மருத்துவக் கவுன்சில் பதிவெண் இருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருத்துவர் அல்லர். உளவியலில் முதுகலை முடித்தபின் மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டு ஆண்டு எம்.ஃபில். அல்லது உளவியல் முனைவர் படிப்பான சை.டி. படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருப்பார். அந்தக் கவுன்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குவது. "உங்கள் ஆர்.சி.ஐ. பதிவெண் என்ன?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார்.

"டாக்டர்" என்ற முன்னொட்டை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். பிஎச்.டி. முடித்தவரும் டாக்டர்தான், ஆனால் அவர் மருந்து எழுத முடியாது. அந்த ஆய்வு சிகிச்சை சம்பந்தப்பட்டதாகவும் இல்லாமல் இருக்கலாம். ஆலோசகர் என்ற பெயரில் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பும் மேற்பார்வைப் பயிற்சியும் பெற்ற திறமையானவர்களும் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பலகையில் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், உங்களால் முடியாத பிரச்சினை என்றால் யாரிடம் அனுப்புவீர்கள் என்ற மூன்று கேள்வியில் வித்தியாசம் தெரிந்துவிடும். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் போக வேண்டாம்.

## தனியார் மனநல மருத்துவர்

வேகம்தான் இந்த வழியின் பலம். தூக்கமும் பசியும் போய், பேசக்கூடத் தெம்பில்லாத ஒருவருக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து மனத்தை ஆராய் என்றால் முடியாது. முதலில் உடம்பு கொஞ்சம் நிமிர வேண்டும்.

எதை எதிர்பார்ப்பது என்று தெரியாததால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். மனச்சோர்வுக்கு முதலில் தரப்படும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் அன்றைக்கே வேலை செய்வதில்லை. முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு வரலாம். சிலருக்குப் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யும். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம். ஒரு மருந்து நமக்கு ஒத்துவருகிறதா என்று தீர்மானிக்க, சரியான டோஸில் ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். ஓ.சி.டி.க்கு 12 வாரம்கூட ஆகலாம். அதாவது பக்கவிளைவு முதலில் வருகிறது, நிவாரணம் பிறகு வருகிறது. பத்தாம் நாள் நிறுத்துகிறவர் கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டு வெளியேறுகிறார். சரியானபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதே முறை. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தொட்டது போன்ற உணர்வு வரலாம். அதைப் பார்த்து "மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்" என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அது அடிமைத்தனம் அல்ல, வேகமாக நிறுத்தியதன் விளைவு.

அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம் வகை வேறு. அவை சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அமைதி தரும், உண்மையில் பழக்கமும் ஆகும். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குத் துணையாகக் கொடுப்பது சரி. மாதக்கணக்கில் அது மட்டுமே எழுதப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது பரிசோதனை. தைராய்டு, ரத்தசோகை, பி12, சர்க்கரை பார்ப்பது வீண் செலவல்ல, தைராய்டு குறைந்தாலே மனச்சோர்வு போலத் தெரியும். பைபோலாருக்கு லித்தியம் தொடங்கினால் ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டையும் அவ்வப்போது பார்த்தே ஆக வேண்டும். கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால்தான் அந்த அளவு சரியாக வரும். இரண்டாவது, மருந்துக் கடை. கிளினிக்கை ஒட்டிய கடையில் மட்டுமே கிடைக்கும் பிராண்டை எழுதினால் ஊர் மாறும்போது திண்டாட வேண்டியிருக்கும். மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகங்களில் பொதுவான மருந்துகள் பல குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

கணக்கு இப்படி வரும்: முதல் சந்திப்புக்கு 1,000 ரூபாய், பிறகு 6 முறை தலா 700, மாத்திரை மாதம் 500 என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு 8,200. உங்கள் ஊர்க் கட்டணத்தைப் போட்டு இதே கணக்கை முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

## கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்

பேச்சுச் சிகிச்சை என்றால் புலம்பிவிட்டு வருவது என்றோ, அறிவுரை கேட்டுவிட்டு வருவது என்றோ நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். அறிவுரை சொல்லச் சொந்தக்காரர்கள் போதும். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு வேலைத்திட்டம் இருக்கும், வீட்டுப்பாடம் இருக்கும். ஓ.சி.டி. என்றால், கை கழுவத் தூண்டும் பயத்தை எதிர்கொண்டு, கழுவாமல் தாக்குப்பிடிப்பதைப் படிப்படியாகப் பழக்குவார்கள். அது சுகமான அனுபவம் அல்ல, ஆனால் ஓ.சி.டி.யில் மிக நன்றாக வேலை செய்வது அதுதான். ஓ.சி.டி. உள்ளவரிடம் ஒரு சிகிச்சையாளர் வாரம்தோறும் "கவலைப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது" என்று தைரியம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், நோய் கேட்கும் தீனியை அவரே போடுகிறார் என்று அர்த்தம்.

ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்றால் 12 அமர்வுக்கு 18,000. மாத்திரைச் சிகிச்சையைவிட இருமடங்குக்கு மேல். ஆனால் அங்கே கற்ற பயிற்சி சிகிச்சை முடிந்தபின்னும் கையிலிருக்கும், அது நோய் திரும்புவதைக் குறைக்கிறது. பணம் இடித்தால் முதல் ஆறு வாரம் வாரந்தோறும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று கேட்டுப் பார்க்கலாம். மாதம் ஒரு அமர்வு என்று தொடங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்வதிலேயே நேரம் போய்விடும்.

நாலைந்து அமர்வுக்குள் உங்கள் பிரச்சினை எதனால் நீடிக்கிறது, எதை நோக்கிப் போகிறோம் என்று அவர் உங்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். 20 அமர்வுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னாலோ, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தன் பொறுப்பில் நிறுத்தச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

## அரசு மருத்துவமனை

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அந்த மதில் சுவரின் பிம்பம்தான் "அரசு மனநலப் பிரிவு" என்றதும் இன்னும் பலர் மனத்தில் வருகிறது. நடைமுறையில் நீங்கள் போக வேண்டியது அங்கே அல்ல. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல வெளிநோயாளி பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருகிறது. காய்ச்சலுக்குப் போவதுபோல ஓ.பி. சீட்டு வாங்கிப் போகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தால் உங்கள் தாலுகாவுக்கு எந்தக் கிழமை என்று சொல்வார்கள்.

மாத்திரை இலவசம். வருடக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிய மனச்சிதைவு, பைபோலார் குடும்பங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். தனியாரில் தொடங்கி, கையில் பணம் தீர்ந்து, மருந்தை நிறுத்தி, நோய் முற்றித் திரும்புவதைவிட முதல் மாதத்திலேயே அரசு மருத்துவமனைக்கு மாறுவது எவ்வளவோ மேல். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவைப்பட்டால் எப்படியும் இங்கேதான் வர வேண்டும். மனநோயால் வரும் குறைபாட்டை ஐடியாஸ் என்ற அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள், 40 சதவீதத்திலிருந்து சலுகைகளுக்குத் தகுதி. தொடர்ந்து ஒரே இடத்தில் காட்டிய சீட்டுகள் அப்போது கைகொடுக்கும்.

குறை என்னவென்றால் நேரம். கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்; அடுத்தமுறை வேறொரு டாக்டர் இருக்கலாம். எழுதிய மருந்து அன்றைக்கு இருப்பில் இல்லாமல் போகலாம். ஒரு நாள் கூலி 700 ரூபாய் வாங்குபவர் ஆறு மாதத்தில் 8 முறை வந்தால் 5,600 ரூபாய் இழக்கிறார். இலவசத்தின் விலை அது. நிலைமை சீரானபின் ஒரு மாத மருந்து சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அந்தச் சில நிமிடத்தில் வேலை நடக்க ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போவது பெரிய உதவி.

## போனும் இணையமும்

14416 என்பது டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். முதன்முறை வாய் திறக்கத் தயங்குகிறவருக்கும், பக்கத்தில் எங்கே போவது என்று தெரியாதவருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்னேகா அமைப்பும் இருக்கிறது.

கட்டண வீடியோ ஆலோசனை, நிபுணரே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் நன்றாகப் பொருந்தும். மருந்துக்குத்தான் எல்லை உண்டு. 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி ஏ.டி.எச்.டி.க்கான (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு மிகுந்த நிலை) மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகளை நேரில் பார்க்காமல் எழுத முடியாது. இன்னொன்று, வீட்டில் தனி அறை இல்லையென்றால் மாமியாரைப் பற்றியோ கணவரைப் பற்றியோ வாய் திறக்கவே முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நேரில் போவதே மேல்.

## கோயில், தர்கா

மனநோய் தீர குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போகிறவர்களைக் கிண்டல் செய்வதில் பயனில்லை. நம்பிக்கை பலருக்கு உண்மையான ஆறுதல். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியில்லாமல் இறந்ததை மறக்க முடியாது. விரதமும் வேண்டுதலும் இருக்கட்டும், கூடவே மாத்திரையும் இருக்கட்டும். நோயாளியைக் கட்டிப்போடுகிற, மருந்தை நிறுத்தச் சொல்கிற இடத்தில் ஒரு இரவுகூடத் தங்க வைக்காதீர்கள். தனியார் மறுவாழ்வு மையங்களுக்கும் இதே எச்சரிக்கை: மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

## யார் பார்த்துவிடுவார்களோ என்ற கணக்கு

கல்யாணப் பேச்சு நடக்கிற வீடு, சொந்தக்காரர் நர்ஸாக இருக்கிற ஊர் என்று காரணம் எதுவானாலும் அந்தப் பயம் நிஜம். அதற்காகத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு டாக்டர் தேடினால் மூன்றாவது முறை போக மாட்டீர்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற பக்கத்து ஊர் போதும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கூட வந்தவர்களே எல்லாவற்றையும் பேசிவிட்டால், "பத்து நிமிடம் தனியாகப் பேசணும் டாக்டர்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. அதே சட்டம் மனநோயையும் உடல்நோய் போலவே காப்பீட்டில் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவுக்குத்தான் பணம் தரும். வாராந்திர அமர்வுக்குத் தருமா என்பதை வெளிநோயாளிப் பலன் இருக்கிறதா என்று பார்த்தே சொல்ல முடியும்.

## முதல் சந்திப்புக்கு எடுத்துப் போக வேண்டிய தாள்

எப்போது தொடங்கியது. தூக்கம் எத்தனை மணி நேரம், நடுவில் விழிப்பா, விடிகாலை விழிப்பா. எடை குறைந்ததா. இப்போது எடுக்கும் எல்லா மருந்தும், சித்த மருந்தும் தூக்க மாத்திரையும் உட்பட. குடி எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள். குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ இருந்ததா. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா. வால்ப்ரோயேட் போன்ற மருந்தைக் கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ளவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

இன்னொரு கேள்வியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய சுறுசுறுப்போடு, கடன் வாங்கிச் செலவழித்த நாள்கள் இருந்தனவா? அது நல்ல காலமாகத் தோன்றியிருக்கும், நோயாகத் தோன்றியிருக்காது. ஆனால் பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது எதிர்த்திசைக்குத் தூக்கிவிடலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

## எப்போது மாற்றுவது

முதல் சந்திப்பில் டாக்டர் சிரிக்கவில்லை என்பதற்காக மாற்ற வேண்டாம். எட்டு வாரம் ஒழுங்காக மருந்து எடுத்தும் கொஞ்சமும் அசைவில்லை, கேட்ட கேள்விக்கு எரிச்சல், என்ன நோய் என்றே சொல்லவில்லை, உங்கள் சாதியையோ உறவையோ பாலினத்தையோ குறித்துத் தீர்ப்புச் சொல்கிறார் என்றால் மாற்றலாம். பேச்சுச் சிகிச்சையில் ஆறு அமர்வு ஒரு நியாயமான சோதனைக் காலம். தொட்டுப் பேசுவது, வெளியே சந்திக்க அழைப்பது, கடன் கேட்பது போன்றவை நடந்தால் அன்றோடு முடித்துக்கொள்ளுங்கள்.

புது டாக்டரைப் பார்க்கும் நாள் வரை பழைய மாத்திரையை நிறுத்தாதீர்கள். பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள். இல்லாவிட்டால் நகல் கேளுங்கள், சிகிச்சை விவரங்களைப் பெற உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. எந்த மாத்திரையை எந்த டோஸில் எத்தனை வாரம் போட்டீர்கள், அது என்ன செய்தது என்ற விவரம் மட்டும் கையில் இருந்தால், புது டாக்டர் அதே மருந்தை மறுபடி முயன்று பார்க்கும் இரண்டு மாதம் உங்களுக்கு மிச்சம்.